வகுப்பு கைமீறும்போது எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. எனக்குக் கிடைத்தது ஒரு சிறு நகரத்து உயர்நிலைப் பள்ளி, எட்டாம் வகுப்பு, கணிதம், 46 பிள்ளைகள். முதல் வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை மாலை தொண்டை கட்டிப்போய், வீட்டில் அம்மா கேட்டதற்குச் சைகையில்தான் பதில் சொன்னேன். வகுப்பறை மேலாண்மை என்று ஒரு அலகு முழுக்கப் படித்திருந்தேன், தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியும் இருந்தேன். 46 பேர் ஒரே நேரத்தில் பேசும்போது அதில் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரியவில்லை.

இரண்டாம் வாரம், என்னோடு பயிற்சிக்கு வந்த தோழியிடம் ஓர் உதவி கேட்டேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள், வகுப்பில் சத்தம் கூடும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடு, அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று பக்கத்தில் எழுது. அவ்வளவுதான். 40 நிமிடப் பாடவேளையில் 14 கோடுகள் விழுந்தன. ஐந்து, நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது. நான்கு, நோட்டு கொடுத்து வாங்கியபோது. இரண்டு, ஒரே பையனுக்குக் குனிந்து விளக்கிக்கொண்டிருந்தபோது. ஒன்று, டஸ்டர் தேடியபோது. மீதி இரண்டுக்கு மட்டும்தான் ஒரு மாணவனின் பெயர் இருந்தது.

அன்று முதல் நான் பிடித்துக்கொண்ட வரிசை இது. முதலில் உடம்பு: பசி, தாகம், புழுக்கம், கண், காது. அடுத்து இடம்: யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார், பலகை தெரிகிறதா. அப்புறம் பாடம்: மிகக் கடினமா, மிக எளிதா, கையில் வேலை இருக்கிறதா. நான்காவது நான்: சத்தம் தொடங்குவதற்கு முந்தைய அரை நிமிடத்தில் எங்கே நின்றேன், என்ன சொன்னேன். இவை நான்கையும் பார்த்து முடித்த பிறகுதான் அந்தப் பிள்ளையின் குணத்துக்கு வர வேண்டும். நாம் வழக்கமாகத் தொடங்குவது அந்த ஐந்தாவதிலிருந்து. ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரியும் இடத்தில் மட்டும் இந்த வரிசை பொருந்தாது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

உங்கள் வகுப்பில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

அறிகுறி: உள்ளே நுழைந்தும் யாரும் நுழைந்ததாகவே எடுத்துக்கொள்ளவில்லை

முந்தைய பீரியட் முடிந்து பெல் அடித்ததற்கும் நீங்கள் வருவதற்கும் இடையே மூன்று நிமிடம் ஓடியிருக்கும். அந்த மூன்று நிமிடத்தில் அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. இடைவெளி இருந்தால் பேச்சு நிரம்பும், அதில் தவறு ஒன்றும் இல்லை.

இதற்கு நான் செய்தது: முந்தைய வகுப்பு முடியும்போதே அடுத்த நாளுக்கான ஒரு சிறு கணக்கைத் துண்டுச்சீட்டில் எழுதி கிளாஸ் லீடரிடம் கொடுத்துவிடுவேன். பெல் அடித்ததும் லீடர் அதைப் பலகையின் இடது மூலையில் எழுதிவிட வேண்டும். நான் வாசலில் வந்து நிற்கும்போது பாதிப் பேர் அதில் இருப்பார்கள். "வணக்கம் மிஸ்" என்று இழுத்துப் பாடி முடித்ததும் உட்காரச் சொல்லிவிட்டு, அந்தக் கணக்கைப் பற்றியே முதல் வார்த்தையைப் பேசுவேன். கணக்கு எளிதாக இருக்க வேண்டும். நேற்று படித்ததிலிருந்து இருக்க வேண்டும். முதல் நாளே கடினமான கணக்கைக் கொடுத்துப் பார்த்தேன், யாரும் பேனாவைத் திறக்கவில்லை.

லீடரை வைத்துப் பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுத வைக்கும் பழக்கத்தை இதோடு சேர்த்து நிறுத்திவிட்டேன். லீடரின் நண்பர்கள் பெயர் அதில் வராது. பெயர் வந்தவன் இன்டர்வெல்லில் லீடரிடம் கணக்குத் தீர்ப்பான். பெயருக்குப் பக்கத்தில் போடும் பெருக்கல் குறிகள் கூடக்கூட வகுப்பு அடங்குவதும் இல்லை. நம்முடைய வேலையை 13 வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது நியாயமும் இல்லை.

அறிகுறி: பலகைப் பக்கம் திரும்பினால் முணுமுணுப்பு

என் தோழியின் தாளில் அதிகக் கோடுகள் விழுந்த இடம் இதுதான். முதுகைக் காட்டும் நேரத்தைக் குறைப்பதுதான் முதல் மருந்து. பலகைக்குப் பக்கவாட்டில் நின்று, தோள் வகுப்பைப் பார்த்தபடி எழுதப் பழகுங்கள். இரண்டு நாள் கையெழுத்து கோணலாக வரும், அப்புறம் சரியாகிவிடும். ஐந்து வரியை ஒரே மூச்சில் எழுதாமல் ஒரு வரி எழுதித் திரும்புங்கள். எழுதும்போதே வாயால் சொல்லுங்கள். "நான் இந்த வரியை முடிப்பதற்குள் அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், அந்தப் பத்து நொடி அவர்களுக்கும் சொந்தமாகிவிடுகிறது. கூட்டுவட்டிக் கணக்கில் இது நன்றாக வேலை செய்தது. முதல் ஆண்டு முடிவில் 5,000 ரூபாய் 5,500 ஆனது என்று நான் எழுதும்போது, இரண்டாம் ஆண்டு வட்டியை எந்தத் தொகைக்குப் போடுவது என்று அவர்கள் தமக்குள் சண்டை போட்டார்கள். அதுவும் சத்தம்தான். அந்தச் சத்தத்தை நான் அடக்கவில்லை.

ஜேக்கப் கௌனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்து 1970-இல் வெளியிட்ட முடிவை நம் பாடத்திலும் படிக்கிறோம். குழப்பம் நடந்த பிறகு ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில், நல்ல வகுப்புக்கும் சிரமப்படும் வகுப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குழப்பம் வருவதற்கு முன்பு என்ன செய்கிறார் என்பதில்தான் வித்தியாசம். நல்ல வகுப்பில் ஆசிரியருக்கு வகுப்பு முழுவதும் என்ன நடக்கிறது என்று தெரிகிறது, அது தெரிகிறது என்பது பிள்ளைகளுக்கும் தெரிகிறது. முதுகில் கண் இருக்கிறது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

இந்த இடத்தில் ஒன்றை எழுதாமல் போக முடியாது. நான்காவது வரிசையில் ஒரு பெண் பிள்ளை, நான் பலகையில் எழுதத் தொடங்கினால் போதும், பக்கத்துப் பிள்ளையிடம் பேச ஆரம்பிப்பாள். இரண்டு வாரம் அவளைக் கண்டித்தேன். ஒருமுறை இருவரையும் பிரித்து உட்கார வைத்தேன். மறுநாள் அவள் நோட்டைத் திருத்தும்போது பார்த்தால், 3,600 என்று நான் எழுதியது அவள் நோட்டில் 8,600 என்று இருந்தது. அடுத்த வரியில் 6-க்குப் பதில் 0. அதற்கடுத்த வரி வெறுமையாக இருந்தது. முந்தைய வாரங்களின் பக்கங்களைப் புரட்டினேன். அவளுடைய தோழி பக்கத்தில் இருந்தவரை எல்லாம் சரியாக இருந்தது. அவள் பேசிக்கொண்டிருக்கவில்லை, பலகையில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பலகை அவளுக்குத் தெரியவில்லை. அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றினேன், தோழியையும் சேர்த்து. வகுப்பாசிரியரிடம் சொன்னதும், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு மூலம் கண் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்தார். அரசின் கண்ணொளி காப்போம் திட்டத்தில் மாணவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி தருகிறார்கள். ஆனால் பிள்ளையைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய வேலை வகுப்பில் நிற்பவருடையது.

ஆகவே, ஒரு பிள்ளை பலகை நேரத்தில் மட்டும் பேசினால், இடத்தை மாற்றும் முன் நோட்டைப் பாருங்கள்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் ‘ப’ வடிவ இருக்கை பற்றித் தமிழ்நாட்டில் பெரிய விவாதமே நடந்தது. எனக்குக் கிடைத்த அறையில் பெஞ்சும் டெஸ்க்கும் ஒன்றாக ஆணியடித்தவை. 46 பேரை அந்த அறையில் ‘ப’ ஆக்கினால் நடுவில் ஒருவர் நிற்கக்கூட இடம் இருக்காது. நான் செய்தது எளிது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வரிசைகள் ஒன்று முன்னே நகரும், முதல் வரிசை கடைசிக்குப் போகும். கண் தெரியாதவர்களுக்கும் காது மந்தமானவர்களுக்கும் மட்டும் விலக்கு. நடுவில் ஒரு நடைபாதை எப்போதும் காலியாக இருக்க வேண்டும், பைகள் டெஸ்க்குக்கு அடியில். அந்த நடைபாதையில் நடந்தபடி பாடம் நடத்தியதில் குறைந்த சத்தம், கத்திக் குறைத்ததைவிட அதிகம்.

அறிகுறி: நோட்டு கொடுக்கும்போது சந்தை

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 46 நோட்டை மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டால் ஏழெட்டு நிமிடம் போகும். வரிசைக்கு ஒருவர் பொறுப்பு. வாங்கும்போதே வரிசை வாரியாக அடுக்கி வாங்குங்கள், அதே அடுக்கைத் திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும் நேரத்தில் பலகையில் ஒரு கேள்வி இருக்கட்டும். மூன்றாம் நாள் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. சாக்பீஸ், டஸ்டர், துணைக்கருவி எல்லாம் பெல்லுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். டஸ்டர் தேடிய அந்த ஒரு கோடு எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

அறிகுறி: கத்தினால் பத்து நொடி அடங்குகிறது, பிறகு முன்னைவிடக் கூடுகிறது

இதில் யாருக்கு யார் பழக்கம் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். பரிசு கிடைத்த செயல் மறுபடி நடக்கும் என்பது உளவியலாளர் ஸ்கின்னர் சொன்ன வலுவூட்டல். அதை மாணவருக்குப் பொருத்தித்தான் தேர்வில் எழுதுவோம். வகுப்பில் அது ஆசிரியருக்கும் பொருந்துகிறது. நான் கத்துகிறேன், உடனே அமைதி வருகிறது. அந்த அமைதி எனக்குக் கிடைக்கும் பரிசு, அதனால் அடுத்த முறையும் கத்துகிறேன். பிள்ளைகள் கற்றுக்கொள்வது வேறு: மிஸ் கத்தும் வரை பேசலாம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சத்தத்துக்குப் பழக்கிவிடுகிறோம். ஒரு மாதத்தில் சாதாரணக் குரலுக்கு மதிப்பே இல்லாமல் போகும்.

வெளியே வர எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஒரு சைகையைத் தேர்ந்தெடுத்தேன். நான் மூன்று முறை கைதட்டினால், அவர்கள் இரண்டு முறை தட்டிவிட்டுக் கையைக் கட்ட வேண்டும். முக்கியமானது இது: சைகையை நெருக்கடி நேரத்தில் அறிமுகப்படுத்தக் கூடாது. ஒரு திங்கட்கிழமை, வகுப்பு நல்ல மனநிலையில் இருக்கும்போது, பாடம் சொல்லிக்கொடுப்பதைப் போலவே அதைச் சொல்லிக்கொடுத்தேன். "இப்போ எல்லாரும் சத்தமாப் பேசுங்க" என்று சொல்லி, தட்டி, நிறுத்தி, மறுபடி பேச விட்டு, நான்கு முறை பயிற்சி. அவர்களுக்கு அது விளையாட்டு. அந்த வாரம் முழுக்கச் சைகைக்குப் பிறகு நான் பேசிய குரலை வேண்டுமென்றே தாழ்த்திக்கொண்டேன். சைகை கொடுத்து இரண்டு பேர் நிறுத்தாவிட்டால் அவர்கள் பெயரைச் சொல்லாமல் பக்கத்தில் போய் நின்றேன். நின்றால் போதும், நூற்றுக்குத் தொண்ணூறு முறை வேறு எதுவும் தேவைப்படவில்லை.

ஒரு பையனைத் திட்டும் சத்தம் திட்டப்படாத 45 பேருக்கும் கேட்கிறது. அவர்களும் பாடத்தை விட்டு உங்களைப் பார்க்கிறார்கள். ஒருவனுக்காக எல்லாருடைய கவனத்தையும் கலைத்துவிட்டு, பிறகு எல்லாரும் கவனிக்கவில்லை என்று வருத்தப்படுகிறோம்.

அறிகுறி: சத்தமே இல்லை, "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது மிஸ்", சோதனையில் யாருக்கும் வரவில்லை

இதைக் கோளாறாகவே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வராண்டாவில் போகும் எச்.எம். பார்த்துவிட்டு நல்ல கண்ட்ரோல் என்று பாராட்டுவார். என்னைக் கேட்டால் இரைச்சலான வகுப்பைவிட இதற்குத்தான் நாம் அதிகம் பயப்பட வேண்டும். இரைச்சலில் என்ன நடக்கிறது என்பதாவது தெரியும். அடங்கிப்போன வகுப்பில் யார் எங்கே தொலைந்தார் என்று மார்ச் மாதம் வரை தெரியாது.

ஐந்தாவது வாரம் எனக்கு இது நடந்தது. கோரஸ் நன்றாக வந்தது. "பத்து சதவீதம்னா நூத்துக்கு?" "பத்த்த்து." கேள்வியின் ராகத்திலேயே பதில் இருக்கிறது, அவர்கள் அந்த ராகத்தைத்தான் முடித்துவைக்கிறார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் பதிலைச் சொல்லாமல் மற்றவர்கள் உதட்டைப் பார்த்து அரை நொடி தாமதமாக வாயசைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த பிறகு நான் கோரஸைக் கணக்கில் எடுத்துக்கொள்வதை விட்டுவிட்டேன்.

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியை நிறுத்துங்கள். அதற்கு "இல்லை" என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு 45 பேர் முன்னிலையில் எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பதில் ஒரு கணக்கைச் சொல்லி, எல்லாரும் ரஃப் நோட்டில் விடையைப் பெரிதாக எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பலகைப் பக்கம் நின்றே ஒரு பார்வையில் 46 விடையும் தெரியும். தவறாக எழுதியவர் யார் என்று பின் வரிசைக்குத் தெரியாது.

கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தால் பதில் நீளமாகிறது, தாமாகவே சொல்ல முன்வரும் பிள்ளைகள் கூடுகிறார்கள். மூன்று நொடி என்பது சொல்லக் கேட்கச் சின்னதாக இருக்கிறது. வகுப்பில் நின்று காத்துப் பாருங்கள், யுகமாகத் தெரியும். நான் டெஸ்க்கின் மேல் விரலால் மெல்ல மூன்று தட்டிக்கொள்வேன். கேள்வியை முதலில் கேட்டு, காத்திருந்து, அப்புறம் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற 45 பேருக்கும் விடுமுறை கிடைத்துவிடுகிறது.

அறிகுறி: தலை கவிழ்ந்து தூக்கம், அல்லது அடிக்கடி சுண்டுவிரல்

இரண்டும் உடம்பு சம்பந்தப்பட்டவை, ஆகவே பாடத்தைப் பற்றி எதையும் முடிவு செய்யும் முன் கேட்டுவிடுங்கள். பெஞ்ச் மேல் ஏற்றி நிற்க வைப்பது தூக்கத்துக்கு மருந்து ஆகாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மதியச் சத்துணவுதான் அன்றைய முதல் சாப்பாடாக இருக்கலாம். என் வகுப்பில் இரண்டாம் பீரியடில் தூங்கிய ஒருவன் விடியற்காலையில் பால் ஊற்றப் போய்விட்டு வருகிறவன். "ராத்திரி எத்தன மணிக்குப் படுத்த?" என்று வராண்டாவில் கேட்டதற்குத்தான் அது தெரிய வந்தது. வகுப்பில் கேட்டிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பான். மதியம் முதல் பீரியட் என்றால் பலகைப் பாடத்தை ஒதுக்கி வையுங்கள். எழுந்து நடக்க வைக்கும் வேலையாகக் கொடுங்கள்.

சுண்டுவிரலுக்கு: யாரையும் நிறுத்தி வைக்காதீர்கள். ஒருவர் திரும்பியதும் அடுத்தவர் என்ற விதி போதும். ஒரு பிள்ளை போகவே போவதில்லை, தண்ணீர் பாட்டிலையும் திறப்பதில்லை என்றால் அதையும் கவனியுங்கள். கழிவறைக்குப் போகப் பிடிக்காமல் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் பள்ளி ஆசிரியைகளைக் கேளுங்கள்.

அறிகுறி: குறிப்பிட்ட ஒரே மாணவன், தினமும்

இப்போதுதான் ஐந்தாவது இடத்துக்கு வருகிறோம். இங்கே எனக்குப் பெரிதும் உதவியது ருடால்ஃப் டிரைகர்ஸ் என்ற மனநல மருத்துவரின் பகுப்பு. தவறான நடத்தைக்குப் பின்னால் நான்கு நோக்கங்களில் ஒன்று இருக்கிறது என்றார்: கவனத்தை ஈர்ப்பது, அதிகாரப் போட்டி, பழிவாங்கல், தன்னால் முடியாது என்று ஒதுங்கிக்கொள்வது. எது என்று கண்டுபிடிக்க அவர் சொன்ன வழி எளிமையானது. பிள்ளையைப் பார்க்கும் முன் உங்களுக்குள் என்ன எழுகிறது என்று பாருங்கள். எரிச்சல் என்றால் அவனுக்குக் கவனம் வேண்டும். "இவனா நானா பார்த்துவிடுகிறேன்" என்று தோன்றினால் அது அதிகாரப் போட்டி. மனம் வலித்தால் பழிவாங்கல். இனி என்ன செய்தாலும் பயனில்லை என்று கை தளர்ந்தால், அவனும் அப்படித்தான் தளர்ந்திருக்கிறான்.

ஒருவனைப் பலகைக்கு வந்து கணக்குப் போடச் சொன்னேன். எழுந்தான், வரவில்லை. மறுபடி சொன்னேன். டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டே நின்றான். வகுப்பு மொத்தமும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. எனக்குள் எழுந்தது இரண்டாவது வகை, அது எனக்கே தெளிவாகத் தெரிந்தது. அந்த நொடியில் நான் ஜெயித்தாலும் தோற்றாலும் நாளைக்குப் பாடம் நடக்காது. "சரி, உக்காரு. பெல் அடிச்சதும் ரெண்டு நிமிஷம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசையில் கேட்டேன். வேடிக்கை பார்க்கக் கூட்டம் இல்லாதபோது போட்டி பாதி அடங்கிவிடும்.

பெல் அடித்த பிறகு வராண்டாத் தூணோரம் வந்து நின்றான். "என்னப்பா ஆச்சு?" என்றதற்கு ஒரு நிமிடம் பதில் இல்லை. அப்புறம், "எல்லாரு முன்னாடியும் கூப்பிடாதீங்க மிஸ். எனக்கு ஏழாம் வாய்ப்பாடே வராது" என்றான். நான் அதிகாரப் போட்டி என்று நினைத்தது, அடியில் நான்காவது வகையாக இருந்தது. எட்டாம் வகுப்பில் கூட்டுவட்டி போடச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவனுக்குப் பெருக்கலே தடையாக இருந்தது. மறுநாளிலிருந்து அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏழாம் வாய்ப்பாட்டை அவனையே எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன், கணக்கின்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இன்னொரு விதியையும் வைத்துக்கொண்டேன்: யாரைப் பலகைக்குக் கூப்பிடப் போகிறேன் என்று முந்தைய நாளே அவர்களிடம் சொல்லிவிடுவது. பதினோராவது வாரம் அவன் ஒரு முறை பலகைக்கு வந்தான். பாதிக் கணக்கு போட்டான். மீதியை உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னான்.

கவனம் தேடுபவனுக்கு இதற்கு நேர்மாறான மருந்து. அவன் எதுவும் செய்யாத நேரத்தில் அவன் பெயர் உங்கள் வாயில் வர வேண்டும். குறும்பு செய்யும்போது மட்டும் பெயர் சொல்லி அழைத்தால், பெயர் கேட்க வேண்டும் என்பதற்காகவே குறும்பு தொடரும். பழிவாங்கல் என்று தெரிந்தால் தனியாகச் சமாளிக்க முயலாதீர்கள். அவனுக்கு ஏற்கெனவே யாரோ எங்கேயோ வலிக்கச் செய்திருக்கிறார்கள். வகுப்பாசிரியருக்கு அந்தக் கதையில் கொஞ்சமாவது தெரிந்திருக்கும்.

அறிகுறி: பட்டப்பெயர், வண்ணக் கயிறு, ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேலி

இங்கே நிறுத்துங்கள். மேலே சொன்ன வரிசை இதற்கும் அடுத்ததற்கும் கிடையாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர்க் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 2024 ஜூனில் வந்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு போன்றவை பள்ளியில் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பயிற்சி ஆசிரியராக நீங்கள் பார்க்கும் கயிறு வெறும் அலங்காரமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வகுப்பில் வைத்து அவிழ்க்கச் சொல்லி நாடகமாக்காதீர்கள். கேலி காதில் விழுந்தால் அந்த இடத்திலேயே, எல்லாரும் கேட்க, "இந்த வகுப்பில் இந்த வார்த்தை கிடையாது" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். சிரித்துக் கடந்துவிட்டால் நீங்களும் சேர்ந்து சொன்னதாகத்தான் அந்தப் பிள்ளைக்குப் படும். பிறகு தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் எழுதி, அன்றே வழிகாட்டி ஆசிரியரிடமும் (பள்ளியில் உங்கள் பயிற்சியைக் கவனிப்பவர்) எச்.எம்.மிடமும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் திங்கள் வரை காத்திருக்க வேண்டாம்.

அறிகுறி: நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென ஒடுங்கிவிட்டது

காயத் தழும்பு, ஒருவரைப் பார்த்து மட்டும் பதறுவது, காரணமில்லாமல் தொடர்ந்து லீவ். இதை வகுப்பறை மேலாண்மையில் சேர்க்கவே கூடாது என்றாலும், நாம் அமைதியான பிள்ளை என்று கடந்து போய்விடும் ஆபத்து இருப்பதால் இங்கே எழுதுகிறேன். துருவித் துருவிக் கேட்காதீர்கள். சொல்ல வந்தால் கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், ஏனென்றால் அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, அத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவருக்கும் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098, இரவும் பகலும் இயங்குகிறது. பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் வகுப்புச் சுவரில் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டி வையுங்கள்.

அறிகுறி: உங்கள் கை ஓங்கத் துடிக்கிறது

வரும். மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை வரும். "ரெண்டு போட்டாத்தான் கேப்பானுங்க" என்று ஓய்வறையில் அனுபவசாலிகள் அன்பாகவே சொல்வார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பது, பெஞ்ச் மேல் நிற்க வைப்பது எல்லாம் உடல் தண்டனையில்தான் சேரும். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். அடி வாங்கும் பிள்ளை அந்த நேரத்தில் கூட்டுவட்டியைக் கற்றுக்கொள்வதில்லை.

நான் அடிக்கவில்லை. ஒருவனை ஒரு பாடவேளை முழுக்க வெளியே நிற்க வைத்தேன். ஜன்னல் கம்பி வழியாக அவன் பலகையை எட்டிப் பார்த்து, கையில் நோட்டில்லாமல், உள்ளங்கையில் பேனாவால் கணக்கை எழுதிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தது பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது. உள்ளே அழைத்தேன். மறுநாள் வகுப்பு முன்னிலையில், "நேற்று உன்னை வெளியே அனுப்பியது தப்பு" என்றேன். எல்லார் முன்னாலும் அனுப்பினேன், ஆகவே எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் என் மதிப்பு குறையும் என்று ஒரு தோழி எச்சரித்தாள். பிறகு அந்த வகுப்பில் எனக்கு ஒருபோதும் அப்படித் தெரியவில்லை.

கோபம் ஏறும்போது உடனடியாகச் செய்யக்கூடியது: சாக்பீஸைக் கீழே வையுங்கள், கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், எல்லாருக்கும் ஒரு எழுத்து வேலை கொடுங்கள், ஜன்னல் வரை நடந்துபோய்த் திரும்புங்கள்.

அறிகுறி: வழிகாட்டி ஆசிரியர் இருந்தால் அமைதி, போனால் இரைச்சல்

அது அவருடைய அமைதி. வகுப்பை உங்களிடம் ஒப்படைத்ததாகப் பிள்ளைகளிடம் அவரே ஒரு வார்த்தை சொல்லக் கேளுங்கள். பதிவேட்டில் மதிப்பெண் நீங்கள்தான் போடுவீர்கள், வீட்டுப்பாடம் நீங்கள்தான் பார்ப்பீர்கள் என்று அவர் வாயால் வந்தால் பாதி வேலை முடிந்தது. "சார்கிட்ட சொல்லிடுவேன்" என்று மட்டும் மிரட்டாதீர்கள். அப்படிச் சொன்ன நிமிடமே வகுப்பு மறுபடி அவருடையதாகிவிடும்.

எல்லாம் செய்தும் எதுவும் மாறவில்லை என்றால்

தாளுக்குத் திரும்புங்கள். ஒரு தோழரைக் கடைசி பெஞ்சில் உட்கார வையுங்கள். அவர் உங்கள் மாணவர் பெயர் எதையும் எழுத வேண்டாம். நேரம், கோடு, அந்த நொடியில் நீங்கள் செய்தது, இவ்வளவுதான். உங்களைப் பாராட்டவும் வேண்டாம். ஒரே நாளை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மதியத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு பாடவேளையாவது பாருங்கள். அதிகக் கோடு விழும் ஓர் இடத்தை மட்டும் எடுத்து இரண்டு வாரம் சரிசெய்யுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பன்னிரண்டாவது வாரம் அதே தோழி மறுபடி வந்து உட்கார்ந்தாள். ஐந்து கோடுகள். பலகை ஒன்று, ஒருவனுக்குக் குனிந்து விளக்கியது இரண்டு, பக்கத்து வகுப்பிலிருந்து ஒருவன் மேப் கேட்டு வந்தது ஒன்று. ஐந்தாவதற்கு எதிரில், "நீ ஒன்றும் செய்யவில்லை, மழை வந்தது" என்று எழுதியிருந்தாள். அன்று அந்தச் சத்தத்தை நிறுத்தக் கைதட்டியிருந்தேன், யாரும் திருப்பித் தட்டவில்லை. அடுத்த முறை மழை வந்தபோது ஜன்னல் கதவுகளை முழுக்கத் திறந்து, எல்லாரையும் எழுந்துபோய் இரண்டு நிமிடம் பார்க்க விட்டேன். பிறகு அவர்களாகவே வந்து உட்கார்ந்தார்கள்.